ஒரு குடும்பத்துக்கு ஒரு முதல் பட்டதாரி

தங்கமுத்துவின் வலது கை முறிந்தது ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை, பகல் இரண்டரை மணிக்கு. முறித்தவன் அவர் பெற்ற மகன் மதியழகன். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே அவர்கள் குடியிருந்த, வீடுகள் ஒட்டி நின்ற வளவில் எந்நேரமும் விசைத்தறி ஓடும். அதனால் எலும்பு முறிந்த சத்தம் வீட்டுக்குள் இருந்த நாலு பேருக்கு மட்டும்தான் கேட்டது.

எல்லாம் இனியாவின் செல்போனுக்கு வந்த ஒரு குறுஞ்செய்தியால் ஆரம்பித்தது. இனியா மதியழகனின் தங்கை. பிளஸ் டூவில் ஐநூற்று நாற்பத்தாறு மார்க் வாங்கியிருந்தாள். இன்ஜினியரிங் சேர நினைத்து, இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருந்தாள். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்காத வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். குறுஞ்செய்தி சொன்னது ஒரே வரி: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவள் தாலுகா ஆபீஸுக்கு ஓடினாள். அங்கிருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஒரு குடும்பத்துக்கு ஒருத்தருக்குத்தான் கண்ணு. உங்க அண்ணன் பேர்ல ஏற்கெனவே குடுத்தாச்சு" என்றாள்.

"அண்ணன் படிப்ப முடிக்கவே இல்லீங்களே?"

"முடிச்சானா, பாதியில நின்னானான்னு இதுல கேக்கறதில்ல. வாங்குனா வாங்குனதுதான்."

இனியா திரும்பி வந்து சொன்னபோது மதியழகன் தரையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. மழைக்காலத்துக்கு வண்டி கர்நாடகாவிலிருந்து ஊர் திரும்பியிருந்ததால் வீட்டில் இருந்தான்.

தங்கமுத்து எழுந்தார். அவரும் ரிக்கில் இருபத்தைந்து வருடம் பாறை துளைக்கும் டிரில்லராக இருந்தவர். கல்தூசி நெஞ்சில் தங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். ஆனாலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கம்ப்ரசர் ஹோஸ் துண்டை எடுக்கும்போது அந்த மூச்சிரைப்பு எங்கேதான் போகுமோ. பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த ரப்பர் துண்டு அங்கேதான் தொங்குகிறது.

"இந்த நாயி தின்னு தொலச்சதுக்கு அந்தப் புள்ள பட்டினி கெடக்கோணுமா?" என்று வீசினார்.

முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். மூன்றாவது தட்டில் விழுந்து சோறு சிதறியது. மதியழகன் அசையவில்லை. அடி வாங்குவது அவனுக்குப் புதிதில்லை. படிப்பை விட்டுவிட்டு வந்த நாளில் இதைவிட மோசமாக வாங்கியிருக்கிறான். நாலாவது அடி வாயில் பட்டது. உதடு கிழிந்து நாக்கில் ரத்தம் உப்புக் கரித்ததும் அவனுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. அவனும் எழுந்து நின்றான்.

அப்பன் மணிக்கட்டைப் பிடித்தான். தங்கமுத்து இடது கையால் பித்தளைச் சொம்பை எடுத்து மகன் நெற்றியில் ஓங்கி அடித்தார். புருவத்துக்கு மேலே தோல் பிளந்து கண்ணை மறைத்து ரத்தம் இறங்கியது. மதியழகன் பிடித்த கையை முறுக்கினான். அப்பன் முழங்கால் போட்டார். இன்னும் முறுக்கினான். "அண்ணா, உட்று! உட்றா!" என்று இனியா கத்தினாள். அவன் விடவில்லை. அவள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் போட்ட போட்டில் நாற்காலிக் கால் தெறித்தது. அதற்குள் கை முறிந்துவிட்டது.

தாய் சென்னம்மாள் காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் தறிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். அழவில்லை, யாரையும் வையவில்லை. ஒரு மரச்சட்டத்தை வைத்துப் புருஷன் கையைத் துண்டால் கட்டினாள். மகன் நெற்றியில் முந்தானையை அழுத்தினாள். இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆட்டோவில் அப்பன் ஒரு ஓரம், மகன் ஒரு ஓரம், நடுவில் அவள்.

அன்றைக்கு மதியழகன் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. இந்தக் கைகள் நிறுத்தத் தெரியாமல் போவது இது முதல் தடவை இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் அந்த வளவிலிருந்து இன்ஜினியரிங் போன முதல் ஆள் அவன்தான். மூன்றாவது செமஸ்டரில் ஒரு நாள் துணிப்பையோடு திரும்பி வந்து நின்றான். கேட்டவர்களிடமெல்லாம், "படிப்பு ஏறலை" என்ற இரண்டு வார்த்தையைத்தான் சொன்னான். தங்கமுத்து ஹோஸ் துண்டை எடுத்தார், அலுத்துப்போகும் வரை அடித்தார். மறு வாரமே பையன் ரிக் வண்டி ஏறிவிட்டான். "மக்குப் பயல்" என்று அவர் தேநீர்க்கடையில் சொல்வது மதியழகன் காதுக்கும் வந்தது. அவன் மறுத்துப் பேசவில்லை. மக்கு என்ற பெயர் அவனுக்கு ஒரு போர்வை மாதிரி இருந்தது.

தன் பேரில் வாங்கிய சான்றிதழ் தங்கையின் படிப்புக்கு இப்படி வந்து குறுக்கே நிற்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

இனியா அழுதது ஒரு பொழுதுதான். மறுநாளே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் போனால் எல்லாச் செலவும் அரசாங்கமே கட்டும். ஆனால் அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ரிக்கில் நல்ல வரும்படி இருந்த காலத்தில் தங்கமுத்து ஆசைப்பட்டு அவளை ஆறாவதும் ஏழாவதும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படிக்க வைத்திருந்தார். டை கட்டி, ஷூ போட்டு, வேனில் போய் வந்தாள். அந்த இரண்டு வருடம் இப்போது அவளை வெளியே தள்ளியது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே கதைதான். பிற்படுத்தப்பட்டோர் நல உதவித்தொகைக்கு மட்டும் தகுதி இருந்தது. ஆனால் அது வருடக் கடைசியில்தான் வரும், முழுச் செலவுக்கும் காணாது.

ஜூலைக் கடைசியில் சேலம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்த வாரமே தறிக்கூடத்து மேஸ்திரி ஒருவர் மூலமாகச் சென்னம்மாளுக்கு ஒரு அறக்கட்டளையைப் பற்றித் தெரிய வந்தது. சேலத்தில் லாரி உதிரிபாக வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்துவது. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுப்பார்கள். ஆனால் நேர்காணலுக்கு வீட்டில் உள்ள அத்தனை பேரும் வர வேண்டும்.

"நான் வரலை" என்றான் மதியழகன். ஒரு மாதமாக அவனும் அப்பனும் ஒரே கூரைக்குக் கீழே பேசாமல் இருந்தார்கள்.

"நீ வரலைன்னா எனக்கு இல்லைண்ணா. அவ்வளவுதான்" என்றாள் இனியா. அவன் சட்டையை மாட்டினான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு இரும்புக் கடைக்கு மாடியில் அந்த ஆபீஸ். செயலாளர் ரஹமத்துல்லா, அறுபது வயது, லாரி ஸ்பிரிங் பட்டை வியாபாரி, வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா. பக்கத்தில் சித்ரா என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எதிரே மாவுக்கட்டோடு தங்கமுத்து, புருவத்துக்கு மேலே ஆறு தையல் தழும்போடு மதியழகன், இரண்டு பேருக்கும் நடுவே தாயும் மகளும்.

ரஹமத்துல்லா காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில் நின்றார்.

"இது யாரோட மார்க் ஷீட்?"

"அண்ணனோடதுங்க. அவரு பாதியில நின்னுட்டாருங்கறதுக்கு ஆதாரமா வெச்சேனுங்க" என்றாள் இனியா.

"நின்ன காரணம் 'படிப்பு ஏறவில்லை'ன்னு எழுதியிருக்கியேம்மா."

"அப்படித்தானுங்க சொன்னாரு."

அவர் அதைச் சித்ரா டீச்சரிடம் நகர்த்தினார். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கணக்குல ஓ கிரேடு. பிசிக்ஸ்லயும் ஓ. ரெண்டு செமஸ்டர்லயும் ஒரு அரியர்கூட இல்ல" என்று மதியழகனை நிமிர்ந்து பார்த்தார். "படிப்பு ஏறாதவன் வாங்குற மார்க்காப்பா இது?"

"அவன் கெடக்கறானுங்க. புள்ளையக் கேளுங்க" என்றார் தங்கமுத்து.

"இல்லைங்க" என்றார் ரஹமத்துல்லா. "இது எங்க பணம் இல்ல. ஊர்ல நாலு பேரு நம்பிக் குடுத்தது. ஒரு வீட்டுல மூத்தது பாதியில நின்னா, இளையதும் நிக்குமான்னு பாக்கறது எங்க வேலை. தம்பி, என்ன நடந்துச்சு?"

மதியழகன் தரையைப் பார்த்தான். இனியாவின் விரல்கள் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தன. அவன் வாயைத் திறந்தான்.

"ஹாஸ்டல்ல பிரபாகர்னு ஒரு சீனியருங்க. ராசிபுரத்துக்காரன், நெய்க்கடை வீடு. நான் முதல் பட்டதாரி சலுகையில வந்தவன்னு தெரிஞ்சதும் 'ஓசி'ன்னு பேரு வெச்சான். அவன் துணிய நான்தான் துவைக்கோணும். துவைச்சேன். ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்கப்பா வேலையச் சொல்லிச் சிரிச்சான். நான் துணியக் கீழ போட்டேன். நாலு பேரு சேந்து பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போனாங்க. பக்கெட்டுத் தண்ணியில தலைய அமுக்குனாங்க. மூச்சு முட்டும்போது தூக்குவாங்க, மறுபடி அமுக்குவாங்க. கதவப் புடிச்சேன். கதவோட சேத்து விரலச் சாத்துனாங்க."

இடது கைச் சுண்டு விரலை நீட்டினான். அது கோணலாக இருந்தது. ரிக்கில் நசுங்கியது என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

"அப்பறம்?"

"ரூமுக்குப் போயிக் கட்டில் பைப்பக் கழட்டிட்டு வந்தேனுங்க. பிரபாகரத் தலையில அடிச்சேன். உழுந்துட்டான்." நிறுத்தினான். "உழுந்ததுக்கப்பறமும் அடிச்சேன். மூணு தடவ. கையத் தூக்கி வேண்டாம்னு சொன்னான். எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் அடிச்சேன். அவனுக்கு ஒரு கண்ணு போயிருச்சுங்க. கேஸ் வேண்டாம்னு காலேஜ்ல எங்க ரெண்டு பேருகிட்டயும் எழுதி வாங்கிட்டு என்னைய அனுப்பிட்டாங்க."

கீழே கடையில் யாரோ இரும்புப் பட்டை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ரஹமத்துல்லா தங்கமுத்துவின் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"அப்பா கை?" என்று கேட்டார் ரஹமத்துல்லா.

"நாந்தானுங்க."

"உன் நெத்தி?"

"அது நான்" என்றார் தங்கமுத்து, ஜன்னலைப் பார்த்தபடி.

"நானும் நாற்காலியில அண்ணன அடிச்சேனுங்க" என்றாள் இனியா.

சித்ரா டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீயும் ஹாஸ்டலுக்குத்தான் போகப் போற. அங்க உன்ன யாராவது இப்படிப் பண்ணினா?"

இனியா யோசித்தாள். "அடிக்க மாட்டேன்னு சொல்ல மாட்டேனுங்க டீச்சர். ஆனா அன்னைக்கே ஊட்டுல சொல்லிருவேன்."

கடிதம் போடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

படியிறங்கி வாசலுக்கு வந்ததும் தங்கமுத்து இடது கையால் மகன் கன்னத்தில் ஒன்று விட்டார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்டா சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அவனக் கொன்னுருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லலை."

தங்கமுத்து திரும்பினார். இரும்புக் கடைக்குள் போனார். முழங்கை நீளத்துக்கு ஒரு பைப் துண்டை விலைக்கு வாங்கித் தோள்துண்டில் சுருட்டிக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் சங்ககிரி பஸ்ஸுல ஊட்டுக்குப் போங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ராசிபுரம் வழியாக நாமக்கல் போகும் பஸ்ஸில் ஏறினார். சென்னம்மாள் மகனைப் பார்த்தாள். "கூடப் போ சாமி" என்றாள். மதியழகன் ஓடிப்போய் ஏறினான்.

வழி முழுக்க அந்தப் பைப் அப்பன் மடியில் கிடந்தது. மதியழகன் அதைப் பிடுங்கப் பார்க்கவில்லை. பிடுங்கினால் பஸ்ஸுக்குள்ளேயே இன்னொரு கையும் முறியும் என்று பயந்தான்.

நெய்க்கடையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் பிரபாகர் நின்றிருந்தான். இடது கண் பால் மாதிரி வெளுத்து, இமை பாதி இறங்கியிருந்தது. மதியழகனைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. அடுத்த நொடி தராசுத் தட்டிலிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து எறிந்தான். அது மதியழகனின் காறை எலும்பில் வந்து இறங்கியது. அவன் நிமிர்வதற்குள் பிரபாகர் மேசையைத் தாண்டிக் குதித்து, நெய் அள்ளும் இரும்புக் கரண்டியால் விளாச ஆரம்பித்தான். தலை, காது, கழுத்து என்று பார்க்கவில்லை. வாயிலிருந்து வார்த்தை எதுவும் வரவில்லை, ஒரு முனகல்தான் வந்தது.

மதியழகன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். காதுக்குள் வண்டு பறந்தது.

"என்ற மவனத் தொடறயாடா?" என்று தங்கமுத்து பைப்பை ஓங்கினார். இடது கைதான், ஆனால் பாறை துளைத்த கை. மதியழகன் திரும்பி, "வேண்டாமுங்கப்பா" என்று குறுக்கே விழுந்தான். பைப் அவன் முன்கையில் இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு வர, அப்படியே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டான். தங்கமுத்து பைப்பைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பைப் தானாகக் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

உள்ளேயிருந்து பிரபாகரின் தாய் ஓடிவந்து மகனை இடுப்போடு கட்டிப் பிடித்தாள். அவன் கரண்டியைக் கீழே போட்டான்.

"எதுக்குடா வந்த?"

"எங்கப்பனுக்கு இன்னைக்குத்தான் தெரியும். உன்னக் கொல்லணும்னு வந்தாரு. தடுக்கறதுக்கு வந்தேன்." மதியழகன் வாயைத் துடைத்தான். "நீ உழுந்தப்பறம் அடிச்சது என் தப்பு. அதுக்கு முன்னால அடிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நாங்க விளையாட்டுக்குப் பண்ணுனது" என்றான் பிரபாகர். அவன் தாய் அதைக் கேட்டு அவனை விட்டு விலகி நின்றாள். அவளுக்கும் யாரும் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை போல.

"என் கண்ணு திரும்ப வருமா?"

"வராது."

"அப்பப் போயிரு. ரெண்டு பேரும் போயிருங்க."

தங்கமுத்து மகனோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஒரு கடையில் சோடா வாங்கி, துண்டை நனைத்து மகனின் காதைத் துடைத்தார். அந்த வேலைக்குப் பழக்கமில்லாத கை கரடுமுரடாக உராய்ந்தது. "வலிக்குதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து மதியழகன் அதுவரை கேட்டதில்லை. "வலிக்குதுங்க" என்றான்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி கடிதம் வந்தது. ஒவ்வொரு வருடமும் கல்லூரிக் கட்டணத்தில் முக்கால் பங்கை அறக்கட்டளை நேராகக் கல்லூரிக்குக் கட்டும். அரியர் வைத்தால் அந்த வருடத்தோடு நின்றுவிடும். மிச்சக் கால் பங்குக்குப் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாயிற்று. ஹாஸ்டல் செலவை மதியழகன் ஏற்றுக்கொண்டான். வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தங்கமுத்துவின் கை கோணலாகத்தான் கூடியது. சட்டைப் பொத்தான் போட சென்னம்மாள்தான் வர வேண்டும். அப்பனும் மகனும் தேவைக்கு மட்டும் பேசினார்கள்.

இனியாவைக் கல்லூரியில் விடப் போனது மதியழகன்தான். முன்கையில் கட்டு இருந்ததால் பெட்டியை மற்றக் கையில் தூக்கினான். ஹாஸ்டல் கட்டடத்தை நெருங்கியபோது கால் நின்றுவிட்டது. பினாயில் வாசம் அடித்தது. ஓரமாகப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். இனியா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். போகலாமா என்று கேட்கவில்லை.

அவனே கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு வார்டன் அறை வரைக்கும் நடந்தான். அதற்கு மேல் ஆண்களுக்கு அனுமதி இல்லை. வார்டன் அம்மாளிடம் தன் செல் நம்பரைச் சொன்னான். அவர் எழுதிய பிறகும் இன்னொரு தடவை, வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான்.

"போதும்ணா" என்றாள் இனியா, சிரித்துக்கொண்டு.

ரிக் வண்டி மறுநாள் ராய்ச்சூருக்குக் கிளம்புவதாக இருந்தது. அவன் கல்லூரி வாசலுக்கு வந்து, திருச்செங்கோட்டுப் பஸ்ஸுக்குக் கை காட்டினான்.